பட்டமும் பெட்டியடியும்

சென்ற வாரம் ஒரு மாலையில் நமது காரியாலயத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். புதுக்கோட்டை ஜில்லாவில் வசிப்பவர். வணிகப் படிப்பில் நல்ல தேர்ச்சி பெற்றவர். அடக்கமான பேச்சு, தெளிவான கண்கள். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் தென்னாட்டில் ஒரு சிறு ஜமீனை ஆண்டவராம். ஜமீன் போயிற்று, நிலம் போயிற்று, மாளிகையில் பாதி இடிந்து, மறுபாதி பாகப்பிரிவினை வழக்கில் கிடக்கிறது. மிஞ்சியிருப்பது குடும்பத்தார் பெயருக்கு முன்னால் ஊரார் இன்றும் வழங்கும் 'ராஜா' என்ற ஒரு சொல்தான். அவர் லேவாதேவித் துறையிலே, அதாவது பிறர் பணத்தை வாங்கி முதலீடு செய்து பெருக்கிக் கொடுக்கும் இன்றைய பணத் தொழிலிலே, இறங்க விரும்புகிறார். அச்சடிக்கக் கொடுக்கவிருந்த விஸிட்டிங் கார்டின் மாதிரியை நம் முன் வைத்து, "ஐயா, இந்த 'ராஜா'வைப் போடலாமா, கூடாதா? போட்டால் தொழில் விரைவில் சூடு பிடிக்கும் என்று சிநேகிதர்கள் சொல்லுகிறார்கள். தாங்கள் வக்கீல், பத்திரிகாசிரியர். தங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார்.

கேள்வி சிறியது, சொந்த விஷயம். ஆயினும் அது அவர் ஒருவரைப் பற்றியதல்ல என்று நமக்குப் பட்டது. அந்தச் சீட்டை நம்பி நாளைக்குப் பணம் கொடுக்கப்போகிறவர்கள் யார்? ஓய்வுபெற்ற உபாத்தியாயர்கள், பெண்ணின் கலியாணத்துக்காகச் சேர்த்து வைத்திருக்கும் தாய்மார்கள், அயல்நாட்டில் உழைத்து ஊருக்கு அனுப்பும் தொழிலாளிகள். ஆகவே நாம் அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரிவாகவே நேயர்கள் முன் வைக்கிறோம்.

புதுக்கோட்டை சொல்லும் சாட்சி

இந்தக் கேள்வியைக் கேட்கப் புதுக்கோட்டையைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்துத் தமிழ் ஜில்லாக்களின் நடுவே தனி சமஸ்தானமாக நின்றது அது. தொண்டைமான் வமிசத்தார் ஆண்டார்கள். 1948 மார்ச்சு மாதத்தில் அது இந்திய யூனியனோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாயிற்று; 1974 ஜனவரியில் தனி ஜில்லாவாயிற்று. மன்னர் வாழ்ந்த புதிய அரண்மனையிலேயே இன்று ஜில்லா கலெக்டரின் காரியாலயம் நடைபெறுகிறது. ஒரு காலத்தில் சோபதார்கள் கட்டியம் கூறிய வாசலில் இன்று முதியோர் உதவித் தொகைக்கு மனுக் கொடுப்பவர்கள் நிற்கிறார்கள். இதில் வருந்த ஒன்றுமில்லை. ஜனநாயகத்தில் அரண்மனைக்கு இதைவிட நல்ல உபயோகம் நமக்குத் தோன்றவில்லை.

இந்தச் சமஸ்தானத்துக்கென்று சொந்த நாணயம் ஒன்று இருந்தது. 'அம்மன் காசு' என்று பெயர். சிறிய செப்புக் காசு. ஒரு புறத்தில் திருக்கோகர்ணத்துப் பிரகதம்பாள் திருவுருவம். மறுபுறத்தில் 'விஜய' என்று தெலுங்கு எழுத்து. இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. நவராத்திரிக் காலத்தில் ஏழைகளுக்கு அரிசியோடு இந்தக் காசையும் வழங்குவது வழக்கம். மன்னர்களோ 'பிரகதம்பாதாஸ்', அதாவது பிரகதம்பாளின் அடிமை, என்று தங்கள் பெயரோடு சேர்த்துக் கொண்டார்கள். ராஜ்யத்துக்கு உடையவள் அம்மன்; தாம் அவளுடைய காரியஸ்தர் என்பது அதன் கருத்து. பிறர் உடைமையைக் கையில் வைத்திருப்பவனுக்குப் பொருத்தமான பட்டம் எதுவென்று கேட்டால், நாம் 'ராஜா' என்று சொல்லமாட்டோம். 'தாஸ்' என்றே சொல்லுவோம்.

ஆனால் பட்டத்தின் கருத்து வேறு, கஜானாவின் நிலை வேறு என்பதையும் அதே சமஸ்தானத்தின் சரித்திரம் காட்டுகிறது. 1839 முதல் 1886 வரையில் ஆண்டவர் ராமச்சந்திர தொண்டைமான். அவர் காலத்தில் செலவு மிஞ்சியது, கடன் ஏறியது, நிர்வாகம் சீர்கெட்டது. அதற்குத் தண்டனையாக ஆங்கில சர்க்கார் 'எக்ஸெலென்ஸி' என்ற அவருடைய கௌரவப் பட்டத்தை இரண்டு முறை பறித்தார்கள். நேயர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். பட்டம் இருந்ததனால் கணக்கு நேராகவில்லை. கணக்கு கோணலானதால் பட்டம் போயிற்று. 'பட்டம் பணத் தொழிலுக்கு உதவுமா?' என்ற வினாவுக்குப் புதுக்கோட்டை சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே பாதி விடை சொல்லிவிட்டது.

மறுபாதி விடையைச் சொன்னவர் அ. சேஷையா சாஸ்திரியார். 1828ல் பிறந்தவர். ராஜ வமிசமும் அல்ல, ஜமீன் வமிசமும் அல்ல. சென்னையில் கல்வி கற்று, சர்க்கார் ரெவினியு இலாகாவில் சிறிய உத்தியோகத்தில் தொடங்கி, தாசில்தார், சிரஸ்தேதார் என்று படிப்படியாக ஏறியவர். 1872 முதல் 1877 வரையில் திருவாங்கூரில் திவானாக இருந்தார். 1878ல் புதுக்கோட்டைக்கு வந்தார். கடன்பட்டுக் கிடந்த ஒரு ராஜ்யத்தின் பேரேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, விளைச்சலைப் பங்கிடும் பழைய அமானி முறையை ஒழித்துத் தீர்வை முறையை ஏற்படுத்தினார். ஏரி குளங்களைச் செப்பனிட்டார். 1888ல் இனாம் நிலங்களின் கணக்கைத் தீர்த்து வைத்தார். மன்னர் 1886ல் காலமானபோது வாரிசான மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் சிறு பாலகர். அவர் பிராயம் வந்து அதிகாரம் ஏற்ற 1894 வரையில் சாஸ்திரியாரே ராஜப் பிரதிநிதியாகவும் இருந்தார். சிங்காசனத்துக்குப் பக்கத்தில் நின்று சிங்காசனத்தைக் காப்பாற்றியது ஒரு குமாஸ்தாவின் கணக்கறிவு.

பட்டத்தின் நிலையாமைக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அதே மார்த்தாண்ட பைரவர் 1915ல் ஆஸ்திரேலிய மாது ஒருவரை மணந்தார். அவர்களுக்கு 1916ல் பிறந்த மகனுக்குச் சிங்காசன உரிமையை ஆங்கில சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. 1928ல் மன்னர் காலமானதும் வேறு கிளையைச் சேர்ந்த ஆறு வயதுக் குழந்தையான ராஜகோபால தொண்டைமானுக்குப் பட்டம் கட்டினார்கள். பெற்ற பிள்ளைக்கே உறுதியில்லாத ஒன்றை மூலதனமாக வைத்துத் தொழில் தொடங்கலாமா என்பதை யோசிக்க வேண்டும்.

பெட்டியடியில் கற்ற வித்தை

இது நிற்க. பணத் தொழிலில் உலகப் புகழ் பெற்ற ஒரு சமூகம் இந்த ஜில்லாவின் தென்பகுதியிலேயே வாழ்கிறது. ராயவரம், அரிமளம், கோனாபட்டு, குழிபிறை, மேலைச்சிவபுரி முதலிய நகரத்தார் ஊர்கள் பழைய புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்தவை. இந்த ஊர்களிலிருந்தும் அண்டையிலுள்ள காரைக்குடிச் சீமையிலிருந்தும் கப்பலேறிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் ஆகிய இடங்களில் லேவாதேவி நடத்தினார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளை இந்தத் தொழிலில் எப்படிப் புகுத்தினார்கள்?

சிறுவன் முதலில் 'பெட்டியடிப் பையன்'. கிட்டங்கியில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு மரப் பெட்டியும் அதன் பின்னே ஒரு விரிப்பும்தான் இடம். அந்தப் பெட்டியடியில் உட்கார்ந்து ஓலையும் தாளும் எடுத்துக் கொடுப்பது, ஓடி ஆடி ஏவல் செய்வது, வசூலுக்குப் போகிறவர்களோடு நடப்பது, இரவில் அன்றைய வரவு செலவு காலணாப் பிசகாமல் ஒத்து வரும்வரையில் கண் விழித்திருப்பது ஆகியவையே அவனுடைய பாடங்கள். வட்டியை மனக் கணக்காகவே போட வேண்டும். தேறியபின் 'அடுத்தாள்' ஆவான். பின்னும் தேறினால் 'மேலாள்'. மூன்று வருஷம் ஒரு கணக்கு. அது முடிந்ததும் அடுத்து வரும் மேலாளிடம் ஐந்தொகையை ஒப்புவித்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். லட்சாதிபதிகளின் வீட்டுப் பிள்ளைகளையும் பிறர் கடையில் சம்பளத்துக்கு அமர்த்தித் தொழில் பழக்குவதை அவர்கள் இழிவாகக் கருதவில்லை. தகப்பன் கடையில் உட்கார்ந்தால் பையனைத் திருத்த யாருக்கும் துணிவு வராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவர்களுக்கும் ஒரு பட்டம் இருந்தது. அதற்கு 'விலாசம்' என்று பெயர். இரண்டு மூன்று எழுத்துக்கள், முன்னோரின் பெயர்களின் முதலெழுத்துக்கள், அவ்வளவுதான். அந்த எழுத்துக்கள் பொறித்த உண்டியல் ரங்கூனில் எழுதப்பட்டாலும் சென்னையில் பணமாகும். எந்தச் சக்கரவர்த்தியும் அதைச் சூட்டவில்லை. தவணை தப்பாமல் தலைமுறை தலைமுறையாகப் பணம் கொடுத்து அந்த எழுத்துக்களுக்கு மதிப்பு உண்டாக்கினார்கள். ஒரு உண்டியல் திரும்பினால் அந்த மதிப்புப் போய்விடும். தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று கண்டறிந்தவர்கள் கடைத்தெருவில் இருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

நகரத்தார் தொழிலில் குறையே இல்லை என்று வாதாட நாம் வரவில்லை. 1930ஐ ஒட்டி நெல் விலை வீழ்ந்தபோது பர்மாவில் கடன்பட்ட விவசாயிகளின் நிலங்கள் ஏராளமாக அவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930ல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்கள் உடைமை 1938ல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. அது கடன் கொடுத்தவருக்கும் நன்மையாகவில்லை, கடன் வாங்கியவருக்கும் நன்மையாகவில்லை. 1942ல் யுத்தம் வந்து யாவற்றையும் புரட்டிவிட்டது. தொழிலறிவுக்கும் எல்லை உண்டு. ஆனால் அந்த அறிவுகூட இல்லாமல் பட்டத்தோடு மட்டும் புகுந்தவன் கதி என்னவாகும்?

'செட்டிநாட்டு ராஜா என்று ஒருவர் இருந்தாரே' என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். ஸர் அண்ணாமலைச் செட்டியார் 1881ல் பிறந்தவர். குடும்பத்தின் லேவாதேவி பல நாடுகளில் பரவியிருந்தது. அவருக்குப் பரம்பரை 'ராஜா' பட்டம் கிடைத்ததோ 1929ல், அவருடைய நாற்பத்தெட்டாவது வயதில். முதலில் தொழில், பிறகு செல்வம், பிறகு கொடை, கடைசியில் பட்டம். பணம் பட்டத்தைக் கொண்டுவந்ததற்கு அவர் உதாரணமே தவிர, பட்டம் பணத்தைக் கொண்டுவந்ததற்கு அல்ல. ஐரோப்பாவிலும் இதே வரிசைதான். ஜெர்மனியில் யாக்கோப் ஃபுக்கர் என்ற வணிகர் அரசர்களுக்குக் கடன் கொடுத்து வளர்ந்தபின்தான் 1511ல் பிரபுவாக்கப்பட்டார். ராத்ஷைல்டு குடும்பத்தாருக்கு 1822ல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி 'பேரன்' பட்டம் அளித்தபோது அவர்கள் ஏற்கெனவே ஐரோப்பாவின் பெரிய பாங்கர்கள். பட்டம் விருந்துக்குப் பின் வைக்கும் தாம்பூலம் போன்றது. அதைத் தின்று பசியாற முடியாது.

பட்டத்தை நம்பிக் கெட்டவர்கள்

அப்படியானால் பட்டம் பணத் தொழிலில் ஒன்றுமே செய்யாதா? செய்யும். இளைஞரின் சிநேகிதர்கள் சொன்னது முழுப் பொய்யல்ல. பட்டம் பணத்தைத் திரட்டும். அதுதான் அபாயம்.

சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்று ஒன்று இருந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுப் பழமை, வெள்ளைக்காரர் ஸ்தாபனம், அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் அர்பத்நாட். 'ஸர்' பட்டம் பெற்றவர். ராஜதானியின் பெரிய மனிதர்களில் ஒருவர். உத்தியோகஸ்தர்கள், விதவைகள், கோயில் தர்மகர்த்தாக்கள், பென்ஷன்காரர்கள் ஆகிய பலரும் அந்தப் பெயரைப் பார்த்துப் பணம் போட்டார்கள். கணக்கைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய மனிதரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவல்லவா! 1906 அக்டோபரில் கம்பெனி கதவை மூடியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. விசாரணை நடந்து ஸர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. பட்டம் அவரைச் சிறையிலிருந்து காப்பாற்றவில்லை, டிபாசிட்தாரர்களையும் காப்பாற்றவில்லை.

அந்தச் சாம்பலிலிருந்து எழுந்தது இந்தியன் பாங்கி. அதற்கு முன்னின்றவர் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர், ஒரு வக்கீல். நகரத்தார் மூலதனத்தோடும் ஆதரவோடும் துணை நின்றார்கள். 1907 ஆகஸ்டு 15ந் தேதி அது வேலை தொடங்கியது. ஒரு பட்டதாரிப் பிரபு உடைத்ததை, கணக்கும் சட்டமும் தெரிந்த நம்மவர்கள் கட்டினார்கள் என்பதை நினைக்க நமக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

இங்கிலாந்திலும் இந்த நாடகம் நடந்ததுண்டு. 1896ல் எர்னெஸ்ட் ஹூலி என்பவர் டன்லப் டயர் கம்பெனியை 30 லட்சம் பவுனுக்கு வாங்கி, அதையே 50 லட்சம் பவுனுக்குப் பொதுஜனங்களிடம் பங்குகளாக விற்றார். விளம்பரப் பத்திரிகையில் பிரபுக்களின் பெயர்கள் டைரக்டர்களாக வரிசையாக மின்னின. 1898ல் ஹூலி இன்ஸால்வெண்டு ஆனபோதுதான், பெயரை இரவல் கொடுத்த பிரபுக்களுக்குப் பணம் கொடுக்கப்பட்ட விவரம் கோர்ட்டில் வெளிவந்தது. பட்டம் அங்கே மூலதனமல்ல, வாடகைக்கு விடும் பந்தல் விளக்கு. கலியாணம் முடிந்தவுடன் விளக்குக்காரன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். இருட்டில் நிற்பவர்கள் விருந்தாளிகள்.

இவை பழங்கதைகள் என்று தள்ள வேண்டாம். நாம் வக்கீல் தொழிலில் இருந்தபோது ஓய்வுபெற்ற ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயர் ஒருவர் நம்மிடம் வந்தார். பணிக்கொடை முழுவதையும் ஒரு நிதிக் கம்பெனியில் போட்டுவிட்டார். ஏன் போட்டீர்கள் என்றோம். மடித்து வைத்திருந்த ஒரு நோட்டீஸைப் பிரித்துக் காட்டினார். தலைப்பில் ஒரு பழைய அரச குடும்பத்துப் பெயர், படத்தோடு. "அவர்கள் பாட்டனார் எங்கள் ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்தவர், அந்த வமிசம் பொய் சொல்லுமா?" என்றார். அந்த அரச குடும்பத்தார் பின்பு கோர்ட்டில் கொடுத்த வாக்குமூலம் இன்னும் நமக்கு நினைவிருக்கிறது. கம்பெனியின் கூட்டத்துக்கே தாம் போனதில்லை, கேட்டார்கள் என்று பெயரைக் கொடுத்தோம், கணக்கு வழக்கு ஒன்றும் தெரியாது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு ஒன்றும் தெரியாது. அதுவே குற்றம் என்பது அவருக்கு விளங்கவில்லை. உபாத்தியாயர் கடைசி வரையில் போட்டதில் ஒரு சிறு பகுதியைத்தான் கண்டார். பாட்டனார் குளம் வெட்டிச் சம்பாதித்த நன்றியைப் பேரனார் ஒரு நோட்டீஸில் செலவழித்துவிட்டார்.

எதிர்வாதமும் சட்டமும்

எதிர்க்கட்சி வக்கீலின் வாதத்தையும் கேட்பது நியாயம். பரோடா மன்னர் சாயாஜி ராவ் கெய்க்வாட் 1908ல் பரோடா பாங்கியை ஏற்படுத்தவில்லையா? மைசூர் மன்னர் ஆதரவில், விசுவேசுவரய்யாவின் முயற்சியால், 1913ல் மைசூர் பாங்கி பிறக்கவில்லையா? ஐரோப்பாவில் லீக்டன்ஸ்டைன் ராஜ குடும்பம் இன்றும் ஒரு பெரிய பாங்கியை உடைமையாக வைத்து நடத்தவில்லையா?

எல்லாம் உண்மை. ஆனால் அந்த உதாரணங்களைப் பிரித்துப் பார்த்தால், வேலை செய்தது பட்டமல்ல, அதன் பின்னிருந்த ராஜ்யத்தின் கஜானாவும், தேர்ந்த நிர்வாகிகளும், சொந்த மூலதனமும் என்பது தெரியும். பரோடா பாங்கி நிலைத்தது. கெய்க்வாட் என்ற பெயரால் அல்ல, கணக்கால். 1969 ஜூலையில் சர்க்கார் பதினான்கு பாங்கிகளைத் தேசிய மயமாக்கியபோது பரோடா பாங்கியும் இந்தியன் பாங்கியும் ஒரே வரிசையில் நின்றன. ஒன்றை ஸ்தாபித்தவர் மகாராஜா. மற்றொன்றை ஸ்தாபித்தவர் வக்கீல். டிபாசிட்தாரருக்கு அதனால் யாதொரு பேதமும் இல்லை.

பட்டம் முதல் கதவைத் திறக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. பெரிய இடங்களில் அறிமுகம் கிடைக்கும். மற்றவனுக்கு ஆறு மாதத்தில் கிடைக்கும் பேட்டி ஆறு நாளில் கிடைக்கும். உள்ளே போனபின் கேட்கப்படும் கேள்விகளுக்கு அது விடை சொல்லாது. அதோடு மற்றொரு தீங்கும் செய்யும். சாதாரண இளைஞன் பிழை செய்தால் மேலதிகாரி கண்டிப்பார், அவன் கற்பான். ராஜாவின் பிழையை யாரும் சொல்லமாட்டார்கள். கண்டிப்பாரில்லாமல் பணத் தொழில் கற்றவன் எவனையும் நாம் கண்டதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். நமது அரசியலமைப்பின் 18வது விதி, படைத்துறைச் சிறப்புக்களும் கல்விச் சிறப்புக்களும் தவிர, சர்க்கார் எந்தப் பட்டமும் வழங்கக்கூடாது என்கிறது. 1971ல் நிறைவேறிய 26வது திருத்தம் பழைய மன்னர்களுக்கு இருந்த அங்கீகாரத்தையும் மானியத்தையும் அடியோடு எடுத்துவிட்டது. 1995ல் சுப்ரீம் கோர்ட்டு, சர்க்கார் வழங்கும் பாரத ரத்னம், பத்ம விருதுகளைக்கூடப் பெயருக்கு முன்னோ பின்னோ பட்டம்போல் சேர்த்துக் கொள்ளலாகாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தேசம் கொடுத்த விருதுக்கே இந்த நியதியானால், தேசம் நீக்கிவிட்ட பட்டத்தைக் காட்டிப் பணம் திரட்டுவது எந்த நியாயத்தில் அடங்கும்? ஊரார் அன்பினால் 'ராஜா' என்று அழைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, தடுக்கவும் வேண்டாம். விளம்பரத்தில் அச்சடிப்பது வேறு விஷயம். அன்று ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அந்நிய சர்க்கார் கொடுத்த பட்டங்களைத் துறந்தபோது நாடு அவரை மேலாகவே மதித்தது என்பதை இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நாம் சொன்ன விடை

இளைஞருக்கு நாம் சொன்னது இது: "தம்பி, கார்டிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடும். கணக்குப் பரீட்சைகளை எழுதும். ஒரு நல்ல ஆடிட்டரிடமோ பாங்கியிலோ, உம்மை யாரென்று தெரியாத ஊரில், கீழ்ப்படியில் ஐந்து வருஷம் இரும். அதுதான் இந்தக் காலத்துப் பெட்டியடி. பிறர் பணத்தைத் தொடுமுன், இழந்தால் என்னவாகும் என்பதை உம்முடைய சொந்தப் பணத்தில் கொஞ்சம் கற்றுக் கொள்ளும். பிறகு ஊருக்குத் திரும்பி வாரும்."

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் எங்கள் பாட்டனார் பெயரால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையா, ஐயா?" என்று கேட்டார். குரலில் வருத்தம் இருந்தது. அது நியாயமான வருத்தம்.

"உண்டு. உம்மை ஒருவன் நம்பி ஏமாந்தால் உம் பெயரோடு அவர் பெயரும் போகும் என்ற பயம் உமக்கு இருக்கும். மற்றவனுக்கு இல்லாத பயம் அது. அதை வைத்துக்கொள்ளும், அச்சடிக்க வேண்டாம்" என்றோம்.

மாதிரிக் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விடைபெற்றார். என்ன முடிவு செய்வார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர் முடிவு அவர் கையில் மட்டும் இல்லை. பட்டத்துக்குப் பணம் கொடுக்க ஜனங்கள் தயாராக இருக்கும்வரையில் பட்டத்தை விற்க யாராவது தோன்றிக்கொண்டேதான் இருப்பார்கள். ஆகவே கடைசி வார்த்தை நேயர்களுக்கு.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருவன் சொன்னால், கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்பது நம்மவர் வாக்கு. ஒரு கம்பெனி உங்கள் வாசலுக்கு வந்தால், தலைப்பில் யார் படம் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். ரிஸர்வ் பாங்கியிலோ, பங்கு மார்க்கெட்டை மேற்பார்க்கும் செபியிலோ பதிவு உண்டா என்று கேளுங்கள். ஆடிட்டர் கையொப்பமிட்ட ஐந்தொகையைக் கேளுங்கள். பாங்கி டிபாசிட்டுக்கு 2020 முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரையில் இன்ஷ்யூரன்ஸ் உண்டு. வெறும் நிதிக் கம்பெனி டிபாசிட்டுக்கு அது இல்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் டிபாசிட்தாரர்களைக் காக்க 1997ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் அது பணம் போனபின் ஓடி வரும் சட்டம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். அளப்பதற்குக் கூச்சப்படுகிற இடத்தில் போடவே வேண்டாம்.

'கணக்குக் காட்டுங்கள்' என்று ஒரு பெரிய மனிதரைக் கேட்பது அவமரியாதை என்ற எண்ணம் இன்னும் நம் ரத்தத்தில் இருக்கிறது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948ல் போயிற்று. பட்டங்களின் அங்கீகாரம் 1971ல் போயிற்று. அந்த எண்ணம் மட்டும் போகவில்லை. அதைப் போக்குவதற்குச் சட்டசபை வேண்டாம்; பணம் போடப் போகும் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டால் போதும். நேயர்கள் கேட்பார்களாக.